பின்முற்றத்துக் குளம்: மோட்டாரை மாற்றும் முன் பைப்பைப் பாருங்கள்

டீச்சர், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கிற வேறு சிலருக்கும் உதவும்.

குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம், வீட்டுக்குப் பின்னால் விளையை (தோப்பை) ஒட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு சிமெண்ட் குளம். அதில் எட்டு கோய் (வண்ணக் கெண்டை மீன்), கொஞ்சம் கோல்டு ஃபிஷ். மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பது. பெட்டியில் மணிக்கு 5,000 லிட்டர், அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்று போட்டிருக்கிறது. 30 அடி தள்ளி, தென்னை மூட்டுக்குப் (அடிமரத்துக்குப்) பக்கத்தில் வெட்டுக்கல் (செம்பாறைக் கல்) அடுக்கி, அதன்மேல் 200 லிட்டர் நீல டிரம். அதுதான் ஃபில்டர். குளத்து நீர்மட்டத்திலிருந்து டிரம்மின் வாய் நாலு அடி உயரம். நடுவில் ஒரு இஞ்ச் பைப், ஏழு எல்போ (பைப்பைத் திருப்புகிற வளைவு இணைப்பு). டிரம்மில் விழும் தண்ணீரைப் பிடித்தால் 20 லிட்டர் வாளி நிரம்ப 36 விநாடி ஆகிறது. குளம் கலங்கலாகவே கிடக்கிறது. பைப் போட்டவர் அரை ஹெச்.பி. மோட்டார் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா, இல்லை பைப்பை மாற்றுவதா, மாற்றினால் எந்தப் பைப்?

மோட்டார் வாங்க வேண்டாம். பைப்பை மாற்றுங்கள், டிரம்மைக் கொஞ்சம் இறக்குங்கள். இதுதான் பதில். தக்கலை சுற்றுவட்டாரத்தில் 20 வருடத்துக்கு மேல் மோட்டாரும் பைப்புமாகவே இருந்துவிட்டேன்; தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்ட வீட்டுக் குளங்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் ஒரு குறையும் இருந்ததில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் கடையில் நிற்கும்போது யாரும் உங்களை வேறு பக்கம் திருப்ப முடியாது.

நீங்கள் வாளியில் பிடித்து நேரம் பார்த்தது பெரிய உதவி. 20 லிட்டருக்கு 36 விநாடி என்றால் மணிக்கு 2,000 லிட்டர். பெட்டியில் போட்டதில் பாதிகூட இல்லை. குளத்தின் கொள்ளளவு 10 பெருக்கல் 6 பெருக்கல் 3, அதாவது 180 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 5,100 லிட்டர். கோய் மீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். அது இருக்கிற குளத்தில் மொத்தத் தண்ணீரும் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முறை ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். நடுவில் வைத்து ஒன்றரை மணி நேரம் என்று எடுத்தால், மணிக்கு 3,400 லிட்டர் உண்மையில் டிரம்மில் விழ வேண்டும். இப்போது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அல்லி மட்டும் இருக்கிற குளம் என்றால் இதுவே தாராளம், கோய்க்குப் போதாது.

பெட்டியில் இருக்கிற அந்த இரண்டு எண்களையும் பலர் சேர்த்துப் படித்துவிடுகிறார்கள். 3 மீட்டர் உயரத்துக்கு 5,000 லிட்டர் ஏற்றும் என்று அதற்குப் பொருள் இல்லை. உயரமே இல்லாமல், பைப்பே மாட்டாமல் ஓடவிட்டால் 5,000 லிட்டர். 3 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது. அந்த மட்டத்தில் தண்ணீர் பைப்புக்குள் அப்படியே நிற்கும். நாம் வேலை வாங்குவது இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில். உயரம் கூடக் கூட அளவு இறங்கும். நல்ல கம்பெனி என்றால் எந்த உயரத்தில் எவ்வளவு என்று பெட்டியிலேயே ஒரு வளைகோடு அச்சிட்டிருப்பார்கள். அது இல்லாத மோட்டாரை நான் வாங்கச் சொல்வதில்லை.

இந்த உயரக் கணக்கில் இரண்டு செலவு உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது: குளத்து நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் போய் விழும் இடம் வரைக்கும் உள்ள உயரம். மோட்டார் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது இதில் சேராது. மூன்றடி ஆழத்தில் வைத்தாலும் அரையடியில் வைத்தாலும் ஒன்றுதான், ஏனென்றால் சுற்றியுள்ள தண்ணீரே அதை நீர்மட்டம் வரை தூக்கிவிடுகிறது. உங்களுக்கு நாலடி, அதாவது 1.2 மீட்டர். 3 மீட்டர் மோட்டாரில் இதுவே நாற்பது சதவீதத்தைத் தின்றுவிடுகிறது.

இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது: பைப்புக்குள் தண்ணீர் உரசிக்கொண்டு போவதால் வரும் இழப்பு. ஒரு இஞ்ச் பைப்பில் மணிக்கு 5,000 லிட்டரைத் தள்ளப் பார்த்தால், 10 மீட்டர் நீளத்துக்கே ஏறக்குறைய 1.9 மீட்டர் உயரத்துக்குச் சமமான சக்தி வீணாகும். அதே தண்ணீரை ஒன்றரை இஞ்ச் பைப்பில் விட்டால் இழப்பு சுமார் 17 சென்டிமீட்டர். இரண்டு இஞ்சில் வெறும் 5, 6 சென்டிமீட்டர். விட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு பாதியாகும் என்று நாம் மனக்கணக்கு போடுகிறோம். உண்மையில் அது சுமார் 30-ல் ஒரு பங்காகிறது. குளத்துப் பைப் விஷயத்தில் இதைவிடப் பயனுள்ள கணக்கை நான் கற்றுக்கொண்டதில்லை.

எல்போவும் சும்மா இல்லை. ஒரு இஞ்ச் எல்போ ஒன்று, கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் நேர்ப் பைப்புக்குச் சமம். ஏழு எல்போ என்றால் ஐந்தரை மீட்டர். உங்கள் பைப் கண்ணுக்கு 30 அடி, தண்ணீருக்கு அது 50 அடி. சுவரைச் சுற்றி, படியைச் சுற்றி, அழகாக மூலைக்கு மூலை மடக்கிக் கொண்டுபோயிருப்பார். வீட்டுக்குள் ஓவர்ஹெட் டேங்கிலிருந்து வரும் பைப்புக்கு அந்தப் பழக்கம் சரி. அங்கே வேண்டியது ஒரு குழாய்க்குத் தண்ணீர், அதற்கு வேண்டிய அழுத்தம் மேலிருந்தே கிடைக்கும். குளத்தில் நேர் எதிர். அழுத்தம் மிகக் குறைவு, அளவு மிக அதிகம். அதனால் வீட்டு வேலையில் கைதேர்ந்தவர்கள்கூட இங்கே தவறிவிடுகிறார்கள்.

சரி, எந்த அளவுப் பைப்? பைப்புக்குள் தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது நான் வைத்திருக்கிற வரம்பு. அதன்படி மணிக்கு 2,000 லிட்டர் வரை ஒரு இஞ்ச், 3,500 வரை ஒன்றேகால், 6,000 வரை ஒன்றரை, 10,000 வரை இரண்டு இஞ்ச். மோட்டாரின் வாய் ஒரு இஞ்ச்தானே, அதற்கு ஏன் ஒன்றரை என்று கேட்பார்கள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ரெடியூசர் (இரண்டு அளவுப் பைப்பை இணைக்கிற துண்டு) போட்டு அங்கிருந்தே அகலமாக்குங்கள். குறுகலான இடம் ஒரு சாண் நீளத்துக்கு இருப்பதும் 30 அடிக்கு இருப்பதும் ஒன்றல்ல.

உங்களுக்கு ஒன்றரை இஞ்ச். எல்போ இரண்டுக்கு மேல் வேண்டாம். திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால் 90 டிகிரி ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போட்டு நடுவில் கொஞ்சம் பைப் விடுங்கள். அப்புறம் டிரம்மின் உயரத்தை நாலடியிலிருந்து இரண்டடிக்கு இறக்குங்கள். இந்த மூன்றும் செய்தால், இருக்கிற மோட்டாரே மணிக்கு 3,500 லிட்டர் பக்கம் கொண்டுவந்து விடும் என்று நினைக்கிறேன்.

அரை ஹெச்.பி. மோட்டாரை ஏன் வேண்டாம் என்கிறேன்? உங்கள் இப்போதைய மோட்டார் 100 வாட் என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட். அரை ஹெச்.பி. மோட்டார் குறைந்தது 500 வாட் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். குளத்து ஃபில்டரை ராத்திரி நிறுத்திவைக்கலாமே என்றால் முடியாது. அழுக்கை உண்மையில் சுத்தம் செய்வது டிரம்முக்குள் ஒட்டி வளர்கிற பாக்டீரியா. அதற்கு இடைவிடாமல் ஆக்சிஜன் உள்ள தண்ணீர் ஓட வேண்டும். வீட்டு மோட்டார் மாடி டேங்குக்கு அரை மணி நேரம் ஏற்றுவதற்காகச் செய்தது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓட அது சரிப்படாது. பைப்புக்கு ஒரு முறை கொடுக்கிற பணம் ஒரு சில பில்லிலேயே திரும்பி வந்துவிடும்.

கடைக்குப் போவதற்கு முன் இன்னொன்று. இரண்டு விதமான பி.வி.சி. பைப் நம் கடைகளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. ஒன்று சாம்பல் நிற விவசாயப் பைப், ஐ.எஸ். 4985 தரத்தில் வருவது. அதற்கு வெளிவிட்டம் மில்லிமீட்டரில் சொல்வார்கள்: 32, 40, 50, 63, 75, 90, 110. பேச்சுவழக்கில் 50-ஐ ஒன்றரை இஞ்ச் என்றும் 63-ஐ இரண்டு இஞ்ச் என்றும் சொல்கிறோம். மற்றொன்று வீட்டு வேலைக்கான வெள்ளை யு.பி.வி.சி. அதில் ஒன்றரை இஞ்ச் என்பது 48.3 மில்லிமீட்டர், இரண்டு இஞ்ச் என்பது 60.3. பெயர் ஒன்று, உடம்பு வேறு. ஒரு கடையில் பைப்பும் இன்னொரு கடையில் எல்போவும் வாங்கி வந்தால் லொடலொடவென்று ஆடும், அல்லது உள்ளேயே போகாது. ஆடுகிற இணைப்பில் பசையை அப்பி ஒப்பேற்றுவார்கள். ஒரு மழைக்காலம் தாங்காது. ஏதோ ஒன்றைத் தீர்மானித்து பைப், எல்போ, டீ, யூனியன் (அறுக்காமல் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), வால்வு எல்லாவற்றையும் ஒரே வகையில், முடிந்தால் ஒரே கடையில் வாங்குங்கள். ஒரு துண்டுப் பைப்பைக் கையில் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.

உங்கள் வேலைக்கு சாம்பல் நிற 50 மில்லிமீட்டர் போதும். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ, 6 கிலோ என்று அழுத்த வகை கேட்பார்கள். உங்கள் மோட்டார் கொடுக்கக்கூடிய அழுத்தம் மொத்தமே 0.3 கிலோ. கணக்குப்படி 4 கிலோ பைப்பே பல மடங்கு அதிகம். ஆனாலும் 6 கிலோ வாங்கச் சொல்வேன், ஏனென்றால் நம் விளையில் பைப்புக்கு எதிரி தண்ணீர் அழுத்தம் இல்லை. தேங்காய் வெட்டும்போது மேலிருந்து விழும் குலையும், ஓலை இழுக்கிறவர் காலும்தான். மெல்லிய பைப் மிதித்தால் உடையும். வெயிலில் கிடந்தாலும் நாலைந்து வருடத்தில் நொறுங்கத் தொடங்கும். ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள், வெளியே தெரியும் பகுதிக்கு ஒரு கோட் பெயிண்ட் அடியுங்கள்.

சி.பி.வி.சி. வெந்நீருக்கானது, விலையும் அதிகம், அதே இஞ்ச் கணக்கில் உள்துளையும் சிறியது. ஒளி ஊடுருவுகிற ஹோஸ் வேண்டாம், உள்ளே பாசி பிடித்துத் துளை சுருங்கும். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கிற ஹோஸ் உரசல் இழப்பைக் கூட்டும். மோட்டாரிலிருந்து பைப் வரைக்கும் ஒரு முழம் கறுப்பு ஹோஸ் போட்டால் அதிர்வு பைப்புக்குப் போகாது, மோட்டாரைத் தூக்கிக் கழுவவும் வசதி. அவ்வளவுக்கு மட்டும் ஹோஸ் போதும். நீளமாக ஹோஸை மண்ணில் விட்டால் பெருச்சாளி கடித்துவிடும். ஒயருக்கும் இதே கதிதான், அதையும் பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோங்கள்.

இனி, இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது. டிரம்மிலிருந்து குளத்துக்குத் திரும்புகிற பைப் என்ன அளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் ஒரு இஞ்சோ ஒன்றரையோ என்றால், உள்ளே வருகிற பைப்பை மாற்றுவதற்கு முன் இதை மாற்றியாக வேண்டும்.

உள்ளே வருகிற தண்ணீரை மோட்டார் தள்ளுகிறது. வெளியே போகிற தண்ணீரைத் தள்ள ஆள் இல்லை. டிரம்முக்குள் ஏறி நிற்கிற தண்ணீரின் எடைதான் அதைத் தள்ள வேண்டும். மணிக்கு 5,000 லிட்டர் ஒன்றரை இஞ்ச் துளை வழியாக வெளியேற வேண்டுமானால், டிரம்மில் நீர்மட்டம் துளைக்கு மேல் 10 சென்டிமீட்டர் ஏறி நிற்க வேண்டும்; அது துளைக்கு மட்டும், பைப்பும் எல்போவும் தனி. 75 மில்லிமீட்டர் பைப் என்றால் 2 சென்டிமீட்டர் போதும். 110 மில்லிமீட்டர் என்றால் அரை சென்டிமீட்டருக்கும் கீழே. அழுத்தம் இல்லாத இடம் என்பதால் இதற்கு வீட்டுக் கழிவுநீருக்குப் போடுகிற எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பே போதும். அது 75-லும் 110-லும் கிடைக்கும். நான் 110 போடச் சொல்வேன். ஒரு சருகு வந்து பாதி வாயை மூடினாலும் மீதிப் பாதி தாங்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை. தேரூர் குளமோ, பறக்கை குளமோ, எந்தக் குளமானாலும் ஒரு மறுகால், அதாவது மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழி, உண்டு. அது அடைபட்டால் கரைதான் உடையும். டிரம் ஒரு சின்னக் குளம், திரும்புகிற பைப் அதன் மறுகால்.

இதை நான் ஒரு இழப்பிலிருந்துதான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் கருங்கல் பக்கம் ஒரு வீட்டுக்குக் குளம் செய்து கொடுத்தேன். உள்ளே ஒன்றரை, வெளியே ஒன்றரை. பகலில் பார்த்தபோது நன்றாகவே ஓடியது. ராத்திரி ஒரு பலா இலை டிரம்முக்குள் விழுந்து வெளிவாயில் ஒட்டிக்கொண்டது. வந்த தண்ணீர் எல்லாம் டிரம் விளிம்பு வழியாக மண்ணில் வழிந்தது. மோட்டார் குளத்தின் அடித்தரையில் இருந்ததால் விடியும் வரை கடைசிச் சொட்டு வரைக்கும் இறைத்துக் கொட்டியது. காலையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் தொளியில் (சேற்றில்) கிடந்த மீன்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றதை இன்றும் மறக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து மூன்று விஷயம் இல்லாமல் எந்தக் குளத்தையும் நான் ஓடவிட்டதில்லை. வெளிப் பைப் உள் பைப்பைவிட இரண்டு மடங்கு. டிரம்மின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே இன்னொரு அவசர வழி, அதுவும் குளத்துக்கே திரும்புகிற மாதிரி. மோட்டார் தரையில் இல்லாமல் ஒரு அடி உயரக் கல்லின் மேல். எங்கே எது உடைந்தாலும் குளத்தில் ஒரு அடித் தண்ணீர் மிச்சமிருக்கும், மீன் பிழைக்கும்.

டிரம்மை இறக்கச் சொன்னேன், ஆனால் தரை வரை இறக்கிவிடாதீர்கள். வெளிவாய் குளத்து நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். திரும்பும் பைப்புக்கு பத்தடிக்கு ஒரு இஞ்சாவது சரிவு வேண்டும். முடிந்தால் டிரம்மையே குளத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுங்கள். 30 அடி தூரம் எதற்கு என்று யோசித்தேன். டிரம் கண்ணில் படக்கூடாது என்பதற்காக என்றால், குளத்தோரம் இரண்டு வாழையும் கொஞ்சம் சேம்பும் நட்டால் மறைந்துவிடும். பைப், எல்போ, இழப்பு எல்லாமே ஒரே அடியில் குறையும்.

மோட்டாரே குளத்துக்குள் இல்லாமல், குளத்துத் தண்ணீர் தானாக ஃபில்டருக்கு வந்து, கடைசியில் மோட்டார் சுத்தத் தண்ணீரைத் திருப்பி ஏற்றுகிற முறை ஒன்று உண்டு. அழுக்கை மோட்டார் அரைக்காமல் முழுதாகவே ஃபில்டருக்குக் கொண்டுபோவதால் அதுதான் சிறந்தது. ஆனால் குளம் கட்டும்போதே அடித்தரையில் 110 மில்லிமீட்டர் பைப் பதித்திருக்க வேண்டும். கட்டி முடித்த குளத்தைக் குடைந்து இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். புதிதாகக் கட்டப் போகிறவர்கள் மட்டும் கொத்தனார் கான்கிரீட் போடும் முன்பே இதை யோசியுங்கள்.

மோட்டாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி கட்டாயம். நம் விளைகளில் குளத்துக்குள் விழாத பொருள் இல்லை: தென்னம்பூ, குரும்பை, பன்னாடை நார், பலா இலை, மழைக்காலத்தில் ரப்பர்ச் சருகு. மோட்டாரோடு வருகிற சின்ன வலை இரண்டே நாளில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் குறையும், மோட்டார் சூடாகும். ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் கூடை ஒன்றில் மோட்டாரை வைத்து, கூடையைச் சுற்றி பச்சை நிழல்வலையை இரண்டு சுற்று கட்டுங்கள். பரப்பு பெரிதாக இருந்தால் இழுப்பு மெதுவாக இருக்கும், சருகு ஒட்டினாலும் உடனே அடைக்காது, சின்ன மீன்களும் தப்பும். வாரம் ஒரு முறை கூடையைத் தூக்கி உதறினால் போதும்.

வால்வு, யூனியன் பற்றி. எதைக் கழற்றிக் கழுவ வேண்டி வருமோ அதன் இரு பக்கமும் யூனியன் போடுங்கள்: மோட்டாரின் ஹோஸ் முடிகிற இடம், டிரம்முக்குள் நுழைகிற இடம். பசை போட்டு ஒட்டிய பைப்பை அறுத்துத்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் ஒரு கப்ளிங் கூடும். வால்வு தேவைப்பட்டால் மோட்டாருக்குப் பின்னால், வெளியேறும் பக்கத்தில் மட்டும். இழுக்கிற பக்கத்தை ஒருபோதும் வால்வு போட்டுக் குறைக்காதீர்கள். டிரம்மின் அடியில் கழிவு வால்வு ஒன்று, ஒன்றரை இஞ்சுக்குக் குறையாமல். மாதம் இரண்டு முறை திறந்தால் அடியில் படிந்த கறுப்புத் தண்ணீர் வெளியேறும். அதை வாழை மூட்டுக்கோ கமுகு மூட்டுக்கோ விடுங்கள், அதைவிட நல்ல உரம் கிடைக்காது.

ஒட்டும்போது பைப்பை நேராக அறுத்து, பிசிர் சுரண்டி, பசை இல்லாமல் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். பிறகு துடைத்து இரண்டு பக்கமும் பசை தடவி, உள்ளே தள்ளும்போது கால் திருப்பு திருப்பி, அரை நிமிடம் பிடித்திருங்கள். ஈரத்தில் ஒட்டாது, சாரல் அடிக்கிற நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். முதல் தண்ணீரைக் குளத்துக்கு விடாமல் வெளியே ஓடவிட்டுக் கழுவிய பிறகே மீனுக்குக் காட்டுங்கள்.

பித்தளை வால்வு, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிள் வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று இங்கே மாட்டிவிடாதீர்கள். வெட்டுக்கல் பூமியில் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்ந்தே இருக்கும். அந்தத் தண்ணீர் பித்தளையிலிருந்து செம்பையும், ஜி.ஐ.யிலிருந்து துத்தநாகத்தையும் கரைக்கும். மனிதருக்குத் தெரியாத அளவுகூட மீனின் செவுளுக்குத் தாங்காது. எல்லாமே பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ஹோஸ் கிளிப் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் 316 வகை கேட்டு வாங்க வேண்டும், உப்புக்காற்றில் மற்றது துருப்பிடிக்கும். அமிலத்தை அடக்க டிரம்முக்குள் ஒரு வலைப்பையில் கழுவிய கடல் சிப்பி ஓட்டைப் போட்டு வைக்கலாம், மெதுவாகக் கரைந்து தண்ணீரைச் சமன் செய்யும். தேங்காய்த் தும்பை (நாரை) ஃபில்டரில் அடைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அது தண்ணீரைக் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறமாக்கும், கொஞ்ச நாளில் அழுகும். வேண்டாம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை பைப் போடும்போதே யோசிக்க வேண்டும். டிரம்முக்குள் நுழைகிற பைப்பின் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், மோட்டார் நின்றதும் டிரம்மில் உள்ள அழுக்குத் தண்ணீர் அதே பைப் வழியாகக் குளத்துக்கு இறங்கிவிடும். இதற்கு நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு, போடச் சொல்வார்கள். உங்களுடையது போன்ற குறைந்த உயர மோட்டாருக்கு அந்த வால்வின் ஸ்பிரிங்கே ஒரு சுமை. பைப் முனையை டிரம்மின் நீர்மட்டத்துக்கு நாலு விரல் மேலே நிறுத்திவிட்டால் தண்ணீர் திரும்ப வழியே இல்லை, காசும் மிச்சம்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது மீன்களைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் இன்வர்ட்டரில் சின்ன ஏர் பம்ப் ஓட்டியவர்கள். பத்துப் பதினைந்து வாட்தான் இழுக்கும். ஒன்று வாங்கி வையுங்கள். சில மணி நேரத்துக்கு மேல் ஃபில்டர் நின்றுவிட்டால், டிரம்முக்குள் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே மோட்டாரைப் போட்டால் அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதும் மீன்மேல் கொட்டும். முதலில் கழிவு வால்வைத் திறந்து டிரம்மைக் காலி செய்யுங்கள், பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை என்று இரண்டு பருவமும் கிடைக்கிற ஊர் இது. குளத்தின் விளிம்புக்கு நாலு விரல் கீழே ஒரு 75 மில்லிமீட்டர் பைப்பை மறுகாலாக வைத்து, வாயில் வலை கட்டுங்கள். குளத்தின் மேல் விழுகிற மழை பிரச்சினையே இல்லை. சுற்றி ஓடி வருகிற செம்மண் தண்ணீர்தான் ஒரே இரவில் ஃபில்டரை அடைக்கும். விளிம்பைத் தரையைவிட அரையடி உயர்த்திக் கட்டினால் அது உள்ளே வராது.

மின்சாரத்தில் மட்டும் கஞ்சம் வேண்டாம். பேரப்பிள்ளைகள் கை விடுகிற தண்ணீர் அது. குளத்து லைனுக்குத் தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்), சரியான எர்த், ஒயர் இணைப்பு தண்ணீருக்கு மேலே மூடிய பெட்டிக்குள். மோட்டாரைத் தொடும் முன் சுவிட்ச் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். ஆயில் நிரப்பிய மோட்டாரை யாராவது தந்தால் வாங்காதீர்கள். சீல் போன அன்று ஆயில் முழுவதும் குளத்தில்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பைப்பை மாற்றினால் கலங்கல் தெளியும், நாற்றம் போகும், மீன் சுறுசுறுப்பாகும். தண்ணீர் பச்சையாகவும் இருந்தால், அது வெயிலும் மீன் கழிவும் சேர்ந்து வளர்க்கிற பாசி. டிரம்மில் உள்ள பஞ்சு அதைப் பிடிக்காது. குளத்தில் பாதிப் பரப்புக்கு அல்லி இலையோ நிழல்வலையோ வேண்டும், தீனியைக் குறைக்க வேண்டும்.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் 110 மில்லிமீட்டர் திரும்பும் பைப், அவசர வழி. இரண்டாவது டிரம்மை இறக்குவது, அல்லது குளத்துக்கு அருகே கொண்டுவருவது. மூன்றாவது ஒன்றரை இஞ்ச் பைப். எல்லாம் முடிந்து ஒரு நாள் ஓடிய பிறகு, அதே 20 லிட்டர் வாளியை அதே இடத்தில் பிடித்து விநாடியை எண்ணி எழுதுங்கள், டீச்சர். 21, 22-க்குள் வந்தால் உங்கள் மோட்டார் போதும். 25-ஐத் தாண்டினால் முதலில் கூடையில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் டிரம் வாயின் உயரத்தை மறுபடி அளந்து சொல்லுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.